நான்கு தேசிக்காயும் ஒரு சேஸியும்

என் கணவர் வருடக்கணக்காக ஆசைப்பட்ட பழைய அமெரிக்கக் காரை வாங்க, நாங்கள் மூன்று பேர் மெட்ரோ ஏறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற லொங்குய்ய்க்குப் போனோம். அவரும் அவருடைய தமையனும் பட்டு வேட்டி. நான் கூறைச்சேலைக்கு அடுத்தபடியான சேலை. தமையன் கையில் ஒரு தேங்காய், சக்கரங்களுக்கு வைக்க நான்கு தேசிக்காய். திரும்பும்போது காரிலேயே வருவதாகத் திட்டம்.

அந்தக் காரின் எஞ்சினுக்கு எத்தனை குதிரைவலு, எந்த வருடம் எந்த நிறத்தில் வந்தது, சைலன்சர் எப்படி உறுமும் என்றெல்லாம் கணவர் தேவாரம் மாதிரி ஒப்பிப்பார். அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொள்கலன் ஏற்றும் ட்ரெயிலர்களுக்குச் சேஸி, அதாவது அடிச்சட்டம், வெல்டிங் செய்கிறவள். பதினெட்டு வருட வேலை. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தமையனிடம் கேட்டார். தமையனுக்கு லைசன்சே கிடையாது, ஆனால் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும். என்னைக் கூட்டிப்போனது காருக்குக் குங்குமம் வைக்க.

விற்கிறவர் ஓய்வுபெற்ற கியூபெக்காரர். "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டு எங்கள் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். நல்ல நேரம் கொஞ்சம்தான் என்று தமையன் கையெழுத்துக்கு முன்பே தேசிக்காய்களை வைக்கத் தொடங்கினார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தரம் குனிந்தார். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் காரின் அடிவயிறு தெரிந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே படுத்தேன்.

"இஞ்ச, எழும்பும்! ஆக்கள் பாக்கினம்," என்றார் கணவர்.

பழைய கார்களில் இரண்டு சாதி. ஒன்றுக்கு ஏணி மாதிரித் தனிச் சேஸி இருக்கும். மேலுடம்பு உக்கினால் கழற்றிவிட்டு வேறு பூட்டலாம். மற்றதுக்கு அப்படி ஒன்றும் இல்லை. காரின் தரையும் பக்கத் தகடுகளும் சேர்த்து ஒட்டியதுதான் அதன் எலும்பு. தரை போனால் கார் போச்சு. இது இரண்டாம் சாதி. இந்த ஊரில் பனிக்காலம் முழுக்கப் பனி உருக வீதியில் உப்பைக் கொட்டுவதும் அது இரும்பைத் தின்பதும் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். துருவை மறைக்கத் தார் தடிப்பாகப் பூசியிருந்த இடத்தில் வீட்டுப் பூட்டின் திறப்பால் குத்தினேன். பிட்டுக்குள் விரல் போவதுபோல உள்ளே போனது. துரு என் முகத்தில் கொட்டியது.

"தரை முழுக்க உக்கிப்போச்சு. பாலத்தில வச்சு ரெண்டாய் மடிஞ்சாலும் மடியும். வேண்டாமப்பா," என்றேன். எனக்கு உண்மையாகவே பயம். இந்த மனிதர் முதல் நாளே அக்சிலேற்றரை ஓங்கி மிதிப்பார்.

"நீர் ஒட்டுறது லொறிக்கு. இது கார்," என்றார் கணவர்.

தமையன் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் முடியப்போகுது. கையெழுத்தைப் போடு."

பேனா கைக்கு வந்துவிட்டது. இனி வாதாடிப் பயனில்லை. "அப்ப முன்சீற்றில அத்தான் இருக்கட்டும்," என்று தமையனைக் காட்டினேன். "மூத்தவர் ஏறினால்தானே மங்களம்."

தமையன் காரைப் பார்த்தார். கீழே கொட்டிக் கிடந்த துருவைப் பார்த்தார். "எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு. மெட்ரோ கிட்டத்தானே. நீங்கள் ஆறுதலா வாங்கோ," என்று சொல்லிவிட்டு, தேங்காயையும் எடுத்துக்கொண்டு நடந்தார். இடுப்புப் பிடித்த ஒருவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் கண்டதில்லை.

கணவர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். விற்கிறவரிடம் "மெர்சி" என்று நன்றி சொன்னார். நாங்களும் மெட்ரோவுக்கு நடந்தோம்.

மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்தார். சேலை முழுக்கத் தார். ஆனாலும் ஆள் முழுசாக இருக்கிறாரே என்று எனக்குப் பெரிய நிம்மதி. கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் என் நெஞ்சும் இளகிவிட்டது.

"அண்ணையே ஏறேல்லையெண்டால்," என்றார், "அதில ஏதோ பிழை இருக்கத்தான் வேணும், என்ன?"