இடம் பார்க்க வந்தவர்கள்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாம்பனில் அப்போதுதான் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கும் டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இரண்டு வருஷம் வெளியூரில் விடுதியில் தங்கி டிரெயினிங் படிக்க வேண்டும். மனுப் போட்டதில் இரண்டு பயிற்சிப் பள்ளிகளில் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று மதுரையில். இன்னொன்று எங்கள் ஜில்லாவிலேயே, ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊரில்.

என் அய்யா கருவாட்டு வியாபாரி. கறாரான மனுஷர். ஒரு மூட்டை நெத்திலியையே கையால் அள்ளி முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார். பெற்ற பிள்ளையைப் பார்க்காத இடத்தில் விட்டுவிடுவாரா? இரண்டு இடத்தையும் நேரில் பார்ப்பேன், மனசுக்குப் பிடித்தால் படி, பிடிக்காவிட்டால் பேசாமல் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அத்தை மகன் ஒருத்தன் கல்யாணத்துக்குத் தயாராக இருந்தான். அத்தையும் எங்கள் கூடவே இடம் பார்க்கக் கிளம்பினாள். குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறாள் என்பது ஊருக்கே வெளிச்சம்.

முதலில் மதுரைக்குப் போனோம். எனக்கு அந்த ஊரும் அந்தப் பெரிய கட்டடமும் பார்த்தவுடனே பிடித்துப்போயின. ஆனால் வாசலில் இருந்தவர் அய்யாவை உள்ளே விடவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் பெட்டி படுக்கையோடு வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள், இப்போது யாரையும் பார்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார். அய்யா திரும்பி ரயிலடிக்கு நடந்தார். மதுரை அதோடு முடிந்தது. மிச்சம் இருந்தது அந்தச் சின்ன ஊர் ஒன்றுதான். அதுவும் தவறினால் நான் அத்தைக்கு மருமகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிளம்பினோம். பிள்ளையைக் கொடுக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகப்படாது என்பது அய்யாவின் சட்டம். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்பு, பூ எல்லாம் அடுக்கித் துணியால் மூடிக்கொண்டார். கூடவே ஓர் ஓலைப்பெட்டி நிறைய நெத்திலிக் கருவாடு. அந்த வாசனைக்கு ரயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

பயிற்சிப் பள்ளி வாசலில் இருந்த காவல்காரர் எங்களையும் தாம்பாளத்தையும் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். இடம் பார்க்க வந்திருக்கோம் என்று அய்யா சொல்லி வாய் மூடவில்லை. “வாங்கய்யா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக” என்று வளாகத்துக்குள்ளேயே இருந்த, தலைமையாசிரியையான பெரிய டீச்சர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் வருவதாக யாருக்கும் தகவல் சொல்லவில்லை. இருந்தாலும் காத்திருக்கிறார்களாம். அய்யா என்னைத் திரும்பிப் பார்த்து, இதுதான் மரியாதை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

வீட்டில் ஜமுக்காளம் விரித்திருந்தது. பெரிய டீச்சருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். அப்பா அம்மா இல்லையாம். கூட அவருடைய தம்பி, மடிப்புக் கலையாத சட்டையும் வேட்டியுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இவர் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய டீச்சர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிட்டார். பிள்ளையையும் அழைத்து வந்துவிட்டீர்களா, பரவாயில்லை, காலம் மாறுகிறதே என்று சிரித்துச் சமாளித்தார். உட்காரும் முன்னே கேசரி, வடை, காப்பி எல்லாம் வந்தன. கேசரியில் முந்திரிப்பருப்பு கண்ணில் படும்படி கிடந்தது. விடுதிச் சாப்பாடே இப்படியா என்று அத்தை என் காதில் கேட்டாள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டபோது அவள் பாதி என் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அய்யா ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். இங்கே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்பா? நல்ல தண்ணீர்தான். நல்லநாள் பெரியநாளுக்குப் பிள்ளையை ஊருக்கு அனுப்புவீர்களா? தாராளமாக. பிள்ளைக்குச் சமையல் அவ்வளவாக வராதே? வேண்டாம், இங்கே செய்து போட ஆள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பெரிய டீச்சரிடம் இருந்து பொன்னான பதில். கடைசியில் அய்யா கொஞ்சம் தயங்கினார்.

“காய்ச்சல் தலைவலின்னு படுத்துட்டா பிள்ளைய யாரு தாயி பாப்பாக?”

“நான் பாப்பேன்” என்றார் பெரிய டீச்சர். “எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி கெடையாதுய்யா. இங்க வர்ற பிள்ளதான் எனக்குத் தங்கச்சி.”

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையை மட்டும் துடைக்கவில்லை. எனக்கு இடம் உறுதி என்று மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அய்யா சொன்னார். “அப்பறம் என்ன, ரெண்டு வருசம் உங்ககிட்ட இருக்கட்டும். முடிஞ்சதும் நாங்க வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

பெரிய டீச்சர் கையில் இருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றது. தம்பி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். பேச்சு தொடரட்டும் என்று நான் வாயைத் திறந்தேன். படிக்கப் போகிற பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா?

“டீச்சர், என்னைய மாதிரி இங்கன இன்னும் எத்தன பேரு இருக்காங்க?”

தம்பிக்குப் புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்து, எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார்.

பெரிய டீச்சர் மெதுவாகக் கேட்டார், நீங்கள் மண்டபத்துக்காரர்கள்தானே என்று. இல்லை, பாம்பன் என்றார் அய்யா. தம்பியைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? எந்தத் தம்பியை? இடம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னீர்களே? ஆமாம், பிள்ளை டிரெயினிங் படிக்க இடம்.

விஷயம் இதுதான். தம்பிக்குப் பெண் கொடுப்பதாக மண்டபத்தில் இருந்து ஒரு குடும்பம் அதே காலை ரயிலில் வருவதாக இருந்தது. தரகர் பேசி முடித்த ஏற்பாடு, முன்பின் முகம் பார்த்ததில்லை. நாங்கள் தாம்பாளத்தோடு போய் நின்று ‘இடம் பார்க்க வந்திருக்கோம்’ என்றால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நம் தமிழில் படிப்புக்கும் இடம், சம்பந்தத்துக்கும் இடம்.

பெரிய டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தையும் சேர்ந்துகொண்டாள். ஆனால் அய்யா எழுந்துவிட்டார். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளைக் கேசரியைத் தின்றுவிட்ட அவமானம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. எந்திரி ஆத்தா, போவோம் என்று என்னைக் கூப்பிட்டார். அந்த வாசற்படியைத் தாண்டினால் என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் வாசல் வரை போன அய்யா நின்றார்.

“காச்சல்னா பாப்பேன்னு சொன்னீங்களே தாயி. அது தம்பி பொண்டாட்டிக்குச் சொன்னதுதானே?”

பெரிய டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. “அவளுக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஆனா உங்ககிட்டதானேய்யா சொன்னேன், உங்க பிள்ள மொகத்தப் பாத்து. சொன்னது சொன்னதுதான்.”

அதற்குள் வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. மண்டபத்துக்காரர்கள்! ரயிலைக் கோட்டை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். கையில் எங்களுடையதைப் போலவே ஒரு தாம்பாளம். உள்ளே ஒரு ஸ்பூன் கேசரி இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அத்தைதான் முதலில் சுதாரித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தமும் ரவை வறுக்கும் வாசனையும் வந்தன. பெரிய டீச்சருக்குப் பெரியவர் துணை இல்லையே என்று அய்யாவும் திரும்பி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார், இந்தத் தடவை மாப்பிள்ளை பக்கம். உப்புமா தயாராகும் வரை கடலையும் காற்றையும் பற்றிப் பேசி வந்தவர்களை அவரே பார்த்துக்கொண்டார். பெண்ணின் அப்பா பயந்த சுபாவம். அய்யாவை மாப்பிள்ளைக்கு மாமாவோ பெரியப்பாவோ என்று நினைத்து அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடம் எப்படிங்க, நம்பிக் கொடுக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டார்.

அய்யாவுக்கு ரகசியம் பேச வராது.

“தாராளமாக் குடுக்கலாம். எம் பிள்ளையவே இங்கனதான் விடப்போறேன்!”

பெண்ணின் அப்பா அரண்டுபோய் மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரிய டீச்சர் பதறி வந்து முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். நான் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். எனக்கு இடம் கிடைத்ததை, அய்யா அவரிடம் சொன்னதைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். கரண்டி கையில் இருந்ததால் அத்தையால் என்னைத் தள்ளிவிடவும் முடியவில்லை. போய்ப் படிச்சுத் தொலை என்றாள்.

அந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. அத்தை மகனுக்கும் வேறு பெண் அமைந்து, என்னைக் கட்டாமல் தப்பித்ததாக இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இரண்டாம் வருஷம் மாரிக்காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. கண் விழித்தபோதெல்லாம் பெரிய டீச்சர் என் கட்டிலருகே கஞ்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தகவல் போய் அய்யா ஓடிவந்து பார்த்தார். வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார்.

பிறகு எங்கள் கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்புக்கே காலமெல்லாம் டீச்சராக இருந்தேன். பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பா அம்மா என்ன அசட்டுக் கேள்வி கேட்டாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. பாதி பேர் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பேன் என்று சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் பயந்தது. பிள்ளையை நம்பிக் கொடுப்பவர்களிடம் சொல்கிற சொல் எவ்வளவு கனமானது என்பதை ஒருத்தர் எனக்குக் கஞ்சி ஊட்டியே காட்டியிருந்தார்.