கோடு போடாத பக்கம்

மஞ்சள் அட்டை போட்ட அந்த நோட்டு என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த அக்கா வைத்திருந்தது. கூட்டம் போகாத தீவுகளுக்குக் கிளம்புகிறவர்களின் பெயர்களை, டிக்கெட் போடும் முன் அவர் இதில்தான் எழுதுவார். ஒரே குடும்பத்தின் பெயர்களுக்கு நடுவே பேனாவால் ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் ஒரு படகு, கீழே உள்ளவர்கள் அடுத்த படகு.

அக்காவுக்குக் கோவளம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு வீட்டு ஆண்கள் மொத்தமாக ஒரே படகில் ஏறமாட்டார்கள். ஆள் குறைகிறதே என்று ஒரே ஒரு நாள் அவருடைய அப்பாவும் இரண்டு அண்ணன்களும் சேர்ந்து ஏறினார்கள். மூவரும் திரும்பவில்லை. இதை அவர் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார், மீன் விலை சொல்வதுபோல.

அப்படியும் நான் கிண்டல் செய்வேன். "தேனிலவுக்குப் போறவங்களையும் பிரிச்சிடுவீங்களாக்கா?"

"சிரிப்பா கீதுல்லடா ஒனக்கு? கடலு இன்னா ஒன் மாமனார் வூடா?" என்பார்.

ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது படாளத்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குடும்பம் வந்தது. பிரிந்து போகமாட்டோம் என்று தகப்பனார் சத்தம் போட்டார். நான் ஐவரையும் ஒரே படகில் போட்டுவிட்டேன். அவர்கள் போன அன்று நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டதாகக் காலையில் தகவல் வந்தது. அதற்குள் விடுப்பு முடிந்து வந்திருந்த அக்கா திட்டவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வூட்ல மிச்சம் யாராச்சும் கீறாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை என்றேன். சாயங்காலம் வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. தகப்பனார் போனில் சிரித்தார். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது; நோட்டு என்னிடம் வந்துவிட்டது. இப்போது செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் விடுமுறைப் பேச்சு. மகள் செல்போனில் ஒரு தீவைக் காட்டினாள். வெள்ளை மணல், தென்னை, ஒரு மனிதர்கூட இல்லை. "சூப்பரா கீதுல்லப்பா? கூட்டமே இல்ல." அவளுக்குப் பிடித்த அந்த அமைதிதான் எனக்குக் குலை நடுக்கம். அங்கே கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

அந்தத் தீவுக்கு நாளுக்கு ஒரே படகுதான். ஒருவர் முதல் நாள், இருவர் மறுநாள் போகலாம் என்றேன். "இன்னாங்க பேஜாரு இது? இருக்கறதே மூணு பேரு" என்றாள் மனைவி.

நோட்டில் மூன்று பெயர்களையும் எழுதிவிட்டேன். என் பெயருக்குக் கீழே கோடு போட்டால் அவர்கள் இருவரும் ஒரே படகு. மகளை என்னோடு சேர்த்தால் மனைவி தனி. எங்கே போட்டாலும், மிஞ்சப்போவது யார் என்பதைத்தான் நான் எழுதுகிறேன். மிஞ்சுவது எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் கை நடுங்காமல் போட்டிருக்கிறார்.

"டிக்கெட் போட்டியாப்பா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்கிறாள். பேனா இன்னும் என் கையில்தான் இருக்கிறது.