சுழலக் கூடாத பெட்டி

ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தைக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே லுவோ ஷியூச்சினுக்கு வீடியோ கேம் என்றால் பிடிக்காது. இருபது வருடமாகியும் பிடிக்கவில்லை. ஆனாலும் பழைய ஆட்டங்களை ஏற்றி விற்கிற கையில் பிடித்து ஆடும் மலிவு விலைப் பெட்டி எது வந்தாலும், அவள் சரி என்று சொன்னால்தான் முதலாளி டான் வாங்குவார். பொத்தான் ஒட்டிக்கொள்கிறதா, திரையோரம் வெளிச்சம் கசிகிறதா, சண்டை ஆட்டத்தில் சத்தம் திக்குகிறதா என்று விரலாலும் காதாலும் கண்டுபிடித்துவிடுவாள். கடைசியில் பெட்டியைக் கண்ணாடி மேசையில் மல்லாத்தி ஒரு சுண்டு சுண்டுவாள். பின்பக்கம் தட்டையாக இருந்தால் உடனே நின்றுவிடும். உள்ளே பேட்டரி உப்பியிருந்தால் சுழலும். அந்த மாடியில் எல்லாருக்கும் அதுதான் பரீட்சை. சரக்கு வந்து இறங்கியதும் செய்துவிட்டு, அத்தோடு மறந்துவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதுப் பெட்டி வந்தது. விலை அடிமட்டம். எந்த ஆட்டமும் தடுமாறாமல் ஓடியது. இந்த விலைக்கு இப்படியொரு திரையா என்று அவளே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுண்டினாள். அசையவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள். மாதிரிக்கு வந்ததில் ஒன்றை ஹுனான் மலையூரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கும் அனுப்பிவைத்தாள். சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த மனிதர். டாங்கி ஆட்டம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம்.

சில நாள் கழித்து, வாங்கிய சரக்கு கடைகளுக்குப் போக லாரியில் ஏறிய மத்தியானம், மேசையில் சார்ஜில் கிடந்த மாதிரிப் பெட்டியை ஒதுக்கினாள். அது தானாக அரை வட்டம் திரும்பியது. வயரைப் பிடுங்கிவிட்டுச் சுண்டினாள். சுழன்றது.

"முதலாளி, இங்க வாங்க. இது சுத்துது."

"மேசை கோணலா இருக்கும், லுவோ அக்கா. புத்தாண்டு வர்ற நேரத்துல அபசகுனமா பேசாதீங்க."

"வந்தன்னைக்குச் சுத்தலையே. சார்ஜ் ஏறின பிறகுதான் சுத்துது. நாம யாராவது சார்ஜ் போட்டுட்டுப் பார்த்திருக்கோமா?"

பட்டினி வயிற்றைப் பார்த்து ஜீரணம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன கதைதான். டான் லாரிப் பக்கம் போனார். அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அந்தப் பெட்டி எங்க?"

"என் போர்வைக்குள்ள, ராஜா மாதிரி! கதகதன்னு இருக்கு. அடுப்பே வேண்டாம் போ."

"சார்ஜ்லயா இருக்கு?"

"எப்பவும் சார்ஜ்லதான். ராத்திரி தலையணைக்கு அடியில வச்சுக்குவேன்."

"முதல்ல வயரைப் பிடுங்குங்க. பிடுங்கிட்டு மேசை மேல மல்லாத்தி ஒரு சுண்டு சுண்டுங்க."

மரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. அது நிற்கக் காணோம். அதற்கு மேல் அப்பாவின் சிரிப்பு.

"அடேயப்பா, பம்பரமா சுத்துது! இப்படியொரு வித்தை இருக்குன்னு சொல்லவே இல்லையே நீ?"

"அப்பா, அதை வெளிய தூக்கிப் போடுங்க. இப்பவே. வெடிச்சுரும்."

"போடி பைத்தியக்காரி. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் பொண்ணு பார்த்து அனுப்பின சாமான்னு. நீ பார்த்ததுல என்ன வந்துரும்? இரு, கடைசிக் கட்டத்துல நிக்கிறேன். வயரை மாட்டி, ஆட்டத்தை முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

"அப்பா, மாட்டாதீங்க!"

அவர் வைத்துவிட்டார். அவள் திரும்பக் கூப்பிட்டாள். கீழே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.