ஹல்வார்ட் வாடகைக்கு விட்ட அறை

பிங்பாங் மேசையின் ஒரு காலில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஸ்பேனரை ஜன்னல் விளிம்பில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, ஹல்வார்ட் காப்பி போடப் போய்விடுவார். சற்று நேரத்தில் பையன்களும் பெண்களும் பனியை உதறிக்கொண்டு மாடியேறி வருவார்கள். ஆட்டம் தொடங்கும், மேசை ஆடும். யார் கத்துகிறார்கள், யார் அடுத்தவனைக் குற்றம் சொல்கிறார்கள், யார் பேசாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிறார்கள் என்று சமையலறைக் கதவிடுக்கு வழியாகக் கவனித்துக்கொண்டிருப்பார். யாராவது ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால், இரண்டாவது காப்பியை நிம்மதியாகக் குடிப்பார்.

எங்கள் தீவின் இளைஞர் மன்றம் தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது. அதற்கு முனிசிபாலிட்டி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே ஆள் ஹல்வார்ட். நாற்பது தாண்டியவர். முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டையைக் கோடையிலும் கழற்றமாட்டார். வாஃபிள் அப்பம் சுடுவதில் தாராளம், பேச்சில் மகா கஞ்சத்தனம். வெள்ளிக்கிழமைகளில் பெற்றோர்கள் முறைவைத்து மன்றத்தில் காவலுக்கு இருக்கவேண்டும். என் மகன் படிப்பு முடிந்து வேலைக்கும் போய்விட்டான். என் முறை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. நானும் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

“உனக்கு எதில் ஆர்வம்?” என்று ஒரு பிள்ளையையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“கேட்டா, நமக்குப் பிடிச்ச பதிலாப் பாத்துச் சொல்லுவாங்க. சும்மா இருக்கும்போது என்ன பண்றாங்கன்னு பாத்தாப் போதும்” என்றார்.

அப்படித்தான் பார்த்தார். வாஃபிள் மாவில் யாரும் சொல்லாமல் ஏலக்காயைக் கூட்டிப் போட்ட பையன் இன்று ஒரு கப்பலின் சமையலறையில் இருக்கிறான். எங்கே சண்டை நடந்தாலும் நடுவில் போய் நின்று நியாயம் பேசிய பெண்ணின் கோட்டுப் பையில் ஒரு விசிலைப் போட்டுவைத்தார். அவள் இப்போது தெற்கே கால்பந்து நடுவராக இருக்கிறாள். அந்த விசிலைப் போட்டது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. இங்கே பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் தீர்ந்துவிடும். பொதுப் படிப்பு போதும் என்றால் பக்கத்துத் தீவுக்குத் தினம் படகில் போய்த் திரும்பலாம். சமையலோ, மின்வேலையோ, இசையோ வேண்டும் என்றால் பூடோ நகரத்துக்குப் போய் வாடகை அறையில் இருந்து படிக்கவேண்டும். ஆகவே, தனக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுகொண்ட பிள்ளை ஆகஸ்டில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஃபெரி ஏறிவிடும். கடை வைத்திருக்கும் ஊன்னிக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் அப்படிப் போனவர்கள்தான். ஹல்வார்ட் ரொட்டி வாங்க வந்தால், கடையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள்: “இவன்கிட்ட பிள்ளைங்கள அனுப்பாதீங்கப்பா. ஃபெரி கம்பெனிக்கு ஏஜெண்டு இவன்.” அவர் சிரித்துவிட்டு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

போன பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வரும்போது தெருவில் அவரைக் கண்டால் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. மேசைத் திருகைத் தளர்த்திவைத்ததற்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

அவருக்கு ஒரே மகள், தூவா. அவள் சின்னவளாக இருக்கும்போதே அம்மா பிரிந்து ஒஸ்லோவுக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டாள். அந்த மஞ்சள் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். தூவாவின் கால்கள் சும்மா இருக்காது. பஸ் நிறுத்தத்தில், கடை வரிசையில், வாஃபிள் வேகக் காத்திருக்கும்போது, பாதங்கள் தம் பாட்டுக்குத் தரையில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நான் பிறந்து வளர்ந்த தமிழ் ஊராக இருந்திருந்தால் ஐந்து வயதிலேயே சலங்கை கட்டி மேடையில் ஏற்றியிருப்பார்கள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கதவிடுக்கில் பார்க்கிற ஹல்வார்ட், இவள் கால் அசைந்தால் மட்டும் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் என் மகன் போனபிறகு என் வீட்டுச் சமையலறை எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க மார்ச் முதல் தேதி கடைசி நாள். தூவா பக்கத்துத் தீவிலேயே பொதுப் படிப்பு என்று முடிவு செய்திருந்தாள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் காவலுக்குப் போனபோது, ஹல்வார்ட் சாமான் அறையில் கிடந்த நாற்காலிகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். தரையைத் துடைத்தார். மூலையில் பழைய ஸ்பீக்கர் ஒன்றை வைத்தார். கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாவு கலக்க வந்துவிட்டார்.

தூவா வந்தாள், எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. தரை அதிர்ந்து அலமாரியில் கோப்பைகள் கிணுங்கின. ஹல்வார்ட் அன்று வாஃபிளைக் கருக்கிவிட்டார்.

வியர்த்து விறுவிறுத்து அவள் வெளியே வந்ததும், “நீ ரொம்ப நல்லா ஆடற” என்றார்.

எங்கள் தீவில் “மோசமில்ல” என்பதுதான் உச்சகட்டப் பாராட்டு. நல்ல வார்த்தைகளை மனிதன் செத்தபிறகு சர்ச்சில் சொல்வார்கள். தூவா மிரண்டுபோய் அவரைப் பார்த்தாள்.

“பப்பா, உடம்பு ஏதும் சரியில்லையா?”

பூடோவில் நடனத்துக்கு விண்ணப்பம் போடு என்றார். அவள் கருகின வாஃபிளைப் பிய்த்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். “நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா? சாப்பிடும்போது செவுத்தோடயா பேசுவ?”

“அதப்பத்தி நீ கவலப்படாத. உன் ரூம வாடகைக்குப் பேசி முடிச்சாச்சு. சால்மன் மீன் பண்ணைக்கு ஒரு லித்துவேனியாக்காரன் வரான், வீதாஸ்னு பேரு. செஸ்ஸெல்லாம் ஆடுவானாம்.”

“என்னக் கேக்காமயா? என் ரூமயா?”

“ஆகஸ்டுல காலி பண்ணிடு.”

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு, படி அதிர இறங்கிப் போனாள். மறுநாளே விண்ணப்பம் போட்டாள். பூடோவுக்குப் போய் ஆடிக்காட்டினாள், இடமும் கிடைத்தது. சால்மன் பண்ணையில் வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒருவனும் வருவதாக இல்லை. அவள் படியிறங்கிப் போன அன்றே ஹல்வார்டின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் கரண்டியை என் கையில் கொடுத்து, “மாவு கட்டி தட்டுது பாரு” என்றார்.

இலையுதிர்கால விடுமுறைக்குத் தூவா வந்தபோது, மன்றத்தில் யாரோ விட்டுப்போன பெரிய பூட்ஸ் ஒன்று வீதாஸின் பூட்ஸாகி அவள் கட்டிலுக்கடியில் இருந்தது. கடையில் ஊன்னி, யாரும் சொல்லித்தராமல், தூவாவிடம் “உங்க வீதாஸ் லீவுல ஊருக்குப் போயிருக்கான்ல? ரெண்டு வாரம் வேல, ரெண்டு வாரம் லீவு. நல்ல பையன், மாடிப்படியெல்லாம் பெருக்கறானாமே” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பால் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். தூவா நம்பினாளா என்று தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்து “வா” என்று சொல்வதற்கே இரண்டு தரம் தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாயைத் திறக்க வேலையே வரவில்லை என்றார். ஃப்ரிஜ் ஓடுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. உருளைக்கிழங்கு அவித்து மீன் பொரித்து உட்காரும்போது போன் அடித்தது. திரையில் தூவா. புண்ணான கட்டைவிரலைக் காட்டினாள், டீச்சரைப்போல் நடித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “தனியாவா இருக்க, பப்பா?” என்றாள்.

ஹல்வார்ட் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “வீதாஸ், பாட்டக் கொஞ்சம் கொறச்சு வைப்பா. பொண்ணு பேசறா.”

மாடியில் விளக்குகூட எரியவில்லை. அவர் காதைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம், சரி என்று அந்த இருட்டுக்குத் தலையாட்டிவிட்டு மகளிடம் திரும்பினார்.