சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

விண்டோஸ் பத்திலிருந்து பதினொன்றுக்கு மாற வேண்டும் என்று எங்கள் பத்திரிகையின் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தபோது, கடலூர் மாவட்ட அலுவலகத்தில் நான் மூத்த உதவி ஆசிரியர். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பட்டியலில் பிழை விடமாட்டேன் என்ற பெயர் மட்டும் உண்டு. வேலை என்னிடம் வந்தது. பென் டிரைவில் இருக்கும் சோதனை புரோகிராமை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓட்டி, தேறியதா இல்லையா என்று குறித்து, அதன் பெட்டியில் ஒட்டியுள்ள அலுவலக எண்ணையும் எழுத வேண்டும். பதிவேட்டில் அந்த எண் எந்த அலுவலகத்தின் பெயரில் இருக்கிறதோ, கம்ப்யூட்டர் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மெயிலின் கடைசி வரி இது: தேறிய கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லாத கிளைகளுக்குப் புதியது வாங்கப்படாது, அந்தப் பக்கங்களை மாவட்ட அலுவலகமே தயாரிக்கும்.

கடலூரை ஒரே நாளில் முடித்தேன். பதிவேட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அகப்படவில்லை. அந்த எண்ணுக்கு எதிரே 'காணவில்லை' என்று எழுதினேன். மறுநாள் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சிதம்பரம் கிளை என்பது பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு நிருபர், பக்கம் வடிவமைக்கும் பெண்மணி ஒருவர். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பிச்சாவரம் பக்கம் ஒரு மீனவ கிராமத்திலிருந்து வருகிறவர். அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஏழரை மணிக்கு. கடலூரில் பக்கங்கள் முடிய ஒன்பதாகும். அதனால் அந்தக் கடைசி வரி அவரைப் பற்றியதுதான். அவரும் மெயிலைப் படித்திருந்தார்.

பழைய கம்ப்யூட்டரில் முதலில் ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு.

"பெரியவரு எப்பவோ போயிட்டாரு சார். அக்காதான் இன்னும் புடிச்சி வச்சினு இருக்குது" என்றார் நிருபர், அந்தப் பழைய பெட்டியைத் தட்டி.

"நீ வாய மூடு. நாலு வார்த்த அடிக்கறதுக்குள்ள நாப்பது தப்பு உடற ஆளு" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது பெட்டியில் ஓட்டினேன். வரிசையாகப் பச்சை.

"பாஸா சார்?"

"பாஸும்மா."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். நிருபர் மூன்று டீ சொல்லக் கீழே போனார்.

இனி எண் மட்டும்தான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தப் பெண்மணி கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைப்பார். கருப்புப் பெட்டியில் வெள்ளை ஸ்டிக்கர்தான் வாகான இடம். பழைய பொட்டைத் துடைக்கக் கூடாது என்று அதன் மேலேயே வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் காய்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு அடைபோல் ஏறியிருந்தன.

"ஒரு நிமிஷம் சார்" என்றவர், கைக்குட்டையை நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாக ஊறவைத்துத் துடைத்தார். ஸ்டிக்கர் கிழிந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவரே வாசித்தார். நேற்று நான் 'காணவில்லை' என்று எழுதிய எண்.

சில வருடங்களுக்கு முன் மழையில் இந்த அறையின் கூரை ஒழுகி ஒரு கம்ப்யூட்டர் கெட்டது. கடலூரிலிருந்து ஒன்றை 'தற்காலிகமாக' அனுப்பினார்கள். எங்கள் அலுவலகங்களில் பொருட்கள் போன் பேச்சில்தான் இடம் மாறும், பதிவேட்டில் ஏறாது. அன்று அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அவர்தான். எண்ணைப் பார்த்த பிறகுதான் எங்கள் இருவருக்குமே அது நினைவுக்கு வந்தது.

"இது கடலூர் மிசினும்மா" என்றேன்.

"நாலு வருசமா இங்கதான சார் கெடக்குது?"

"பதிவேட்டுல அங்கதான் இருக்கு. நேத்து காணோம்னு எழுதிட்டேன்."

அவர் ஈரக் கைக்குட்டையை மடித்தார். "நான் தொடைக்காம இருந்திருந்தா?"

எண் தெளிவில்லை என்று எழுதியிருப்பேன். கிளை தப்பியிருக்கலாம். பட்டியலை எடுத்துப் பிரித்தேன்.

"காணோம்னே இருக்கட்டுமே சார். யாரு தேடப் போறாங்க?"

யாரும் தேடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்த்ததை எழுதியே முப்பது வருடம் பழகிய கை. பட்டியலில் 'காணவில்லை' என்பதை அடித்து, 'சிதம்பரத்தில் உள்ளது, கடலூருக்குரியது, தேறியது' என்று எழுதினேன். டீ வந்தது. அவர் எனக்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, அன்றைய பக்கத்தைத் திறந்தார்.

பட்டியலில் பிழை ஏதும் இல்லை என்று தலைமை அலுவலகம் பதில் அனுப்பியது. அடுத்த மாதம் சிதம்பரம் பக்கம் கடலூருக்கு வந்தது. அவர் வரவில்லை. பெட்டியைக் கொண்டுவர நான் போனபோது, அதே போர்வையில் சுற்றி, கட்டித் தயாராக வைத்திருந்தார். சாவியை நிருபரிடம் கொடுத்துவிட்டு அன்று ஐந்து மணி பஸ்ஸுக்கே கிளம்பினார்.

பெட்டி இப்போது கடலூரில் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புது விண்டோஸ் போட்டாகிவிட்டது. அதில் உட்கார ஆள் இல்லை.