ஒற்றைக் கண்ணுக்கு வைத்த தலையணை

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். இட்லி நான்கு, தேநீர் ஒன்று. 6.05க்குத் தம்போயில் என் வீட்டைப் பூட்டினேன், 6.50க்குக் கெலாங் பாத்தாவுக்கு வெளியே உள்ள குதிரை மருத்துவமனையில் இருந்தேன். ஆக்சிஜன் உருளைகளைச் சரிபார்த்து, நானே எழுதிய பதினெட்டு வரிப் பட்டியலில் டிக் போடத் தொடங்கினேன். பதினாறு ஆண்டுகளாகக் குதிரைகளுக்கு மயக்கம் கொடுப்பதில் உதவியாளர் நான். அந்தப் பட்டியலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்று வந்தது வயதான ஒரு பெண்குதிரை. இடக்கண்ணை முன்பே எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய வலக்கண்ணிலும் அழுத்த நோய். தினமும் இருவேளை சொட்டு மருந்து. இப்போது முன்னங்கால் மூட்டில் எலும்புச் சில்லு. மயக்கம் கொடுத்தே எடுக்க வேண்டும். மயக்கத்தில் கண் அழுத்தம் ஏறி அப்படியே நின்றால், குருடாகத்தான் எழுந்திருக்கும்.

அந்தக் குதிரையைப் பராமரிப்பவர் சிகாமட் ஊர்க்காரர். கதவருகே நின்றபடி என்னைச் சீண்டினார்.

"அக்கா, மூச்சு விடறதுக்கும் லிஸ்டுல டிக் உண்டா?"

"உங்க வாய மூடறதுக்கு ஒண்ணு போட்டுருக்கேன், அண்ணே."

சிரித்தார். ஆனால் கையிலிருந்த கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

குதிரை நிற்கும்போதே கண் அழுத்தத்தை அளந்தேன்: 24. முப்பதுக்குள் இருந்தால் நல்லது. இடப்பக்கமாகப் படுக்க வைத்து வாய்வழியே மூச்சுக்குழாய் போட்டதும் 33. டாக்டர் மூட்டைத் திறந்தார். பத்து நிமிடத்தில் 39. அடுத்து 43.

"அழுத்தம் ஏறுறது மருந்தாலயா அக்கா?" டாக்டர் நிமிராமல் கேட்டார்.

என் விரல்தான் இமை வழியே கண்ணை அழுத்துகிறதோ என்று, கண்ணைச் சுற்றிய எலும்பின்மேல் மட்டும் விரலை ஊன்றி மறுபடி அளந்தேன். 43தான். முகத்தைச் சுற்றிய வாரைக் கழற்றியாகிவிட்டது. கழுத்து ரத்தக்குழாயை எதுவும் நெருக்கவில்லை. பட்டியலை எடுத்தேன். பதினோராவது வரி, என் கையெழுத்திலேயே: 'தலை தாழ்வாக, எச்சில் வெளியே வடிய வேண்டும்.' பக்கத்தில் அழகான டிக்.

எல்லாக் குதிரைக்கும் நல்லதென்று செய்கிற வேலைதான். தலை நெஞ்சுக்குக் கீழே கிடந்தால் ரத்தம் தலையிலேயே தேங்கும். கண்ணில் அழுத்தம் ஏறும். படித்ததுதான். ஆனாலும் என் கை பழக்கப்படி தலைக்கடியிலிருந்த தலையணையை உருவியிருந்தது.

"டாக்டர், தலையத் தூக்கணும்! அண்ணே, அந்த நுரைத் தலையணை, ரெண்டும், சீக்கிரம்!"

அண்ணன் ஓடி வந்தார். நான் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் அந்தப் பெரிய தலையை இரு கைகளாலும் ஏந்தினார். தலை நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. எச்சில் வடிய மூக்கு நுனியை மட்டும் சற்றுச் சரித்து வைத்தோம். ஐந்து நிமிடம் காத்திருந்து அளந்தேன். 34! மறுபடி, 28. கடைசியில் 25.

"இருபத்தஞ்சு!" என்று கத்தியே விட்டேன். அறுவை அறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை.

"அலமாக், அக்காவே கத்துறாங்க," என்று வியந்தார் அண்ணன். தன் கண்ணைத் துடைத்துக்கொண்டதோ குதிரை எச்சில் பட்ட கையால்.

குதிரை பிற்பகல் 1.20க்கு எழுந்து நின்றது. ஆனால் மயக்கம் முழுதாகத் தெளியும்வரை பார்வை தப்பியதா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பதினோராவது வரியை அடித்துத் திருத்தி எழுதிவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் லாயத்துக்குப் போய், காற்று படாதபடி, அந்த வலக்கண்ணின் முன் கையை மெல்ல அசைத்தேன். குதிரை கையைக் கண்டு இமைத்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தது. சரிபார்க்க இன்னொரு முறை அசைத்தேன்.