அச்சுமுனையின் மானம்

"மூடி இல்லாத சக்கரத்தோட இந்தப் பலராமன் பத்தடி வண்டி ஓட்டினான்னு எவனாவது சொல்லட்டும், அன்னிக்கே சாவியத் தூக்கிக் கடல்ல போட்டுடறேன்!"

உழவர்கரை டீக்கடை வாசலில், ஆறு சாட்சிகள் முன்னிலையில், பாதி கடித்த வடையைக் கையில் ஏந்தி பலராமன் இந்தச் சபதத்தைச் செய்தார். ஒரு சாட்சி தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற ஐவரும் இதைப் பல தடவை கேட்டவர்கள். இருந்தாலும் சபதம் சபதம்தான்.

வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் அவர் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் வாங்கினார். கல்யாண வாடகைக்கு ஓட்டினார். வாங்கிய முதல் மாதமே மெக்கானிக் ஒருவர் அவருக்கு ஞானம் அளித்தார்: முன் சக்கரத்தின் நடுவே அச்சுமுனை நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் கிரீஸ் கப் என்று ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும், அது போனால் கடற்கரை மணல் உள்ளே புகுந்து, கிரீஸ் காய்ந்து, பேரிங் தேய்ந்து, ஒருநாள் சக்கரம் தன் வழியே தனியாகப் போய்விடும். மற்றவர்களுக்கு இது இயந்திர விஷயம். பலராமனுக்கு இது ஒழுக்க விஷயமாகிவிட்டது.

அன்றிலிருந்து அவர் அதிர்ச்சியிலேயே வாழ்ந்தார். பழைய கார் எங்கே நின்றாலும் முன் சக்கரத்தருகே குந்தி உட்காருவார். மூடி இல்லை என்றால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். "ஐயையோ, பட்டப்பகல்ல, பொம்பளப் புள்ளைங்க போற வர ரோட்டுல, இப்படியா நிறுத்தி வைப்பானுங்க!" போலீஸ்காரர் தலைக்கே சிவப்புத் தொப்பி போட்டு அழகு பார்க்கும் ஊரில் அச்சுமுனைக்கு ஒரு தொப்பி இல்லையா என்பது அவர் வாதம்.

பக்கத்து வீட்டு இளம்பரிதியிடம் ஒரு பழைய பியட் இருந்தது. அதன் முன் சக்கரங்கள் இரண்டும் திறந்த வெளி.

"ஏம்பா, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"சக்கரத்துக்கு இன்னாண்ணே வெக்கம்? வண்டி ஓடுது இல்ல?"

"ஓடும். ஒருநாள் நீ ஒருபக்கம் ஓடுவ, அது ஒருபக்கம் ஓடும்."

மறுநாள் காலை இளம்பரிதி பார்த்தபோது பியட்டின் இரு அச்சுமுனைகள் மேலும் பால் பவுடர் டப்பா மூடிகள் கச்சிதமாக அடித்துப் பொருத்தப்பட்டிருந்தன. பலராமன் வீட்டு அலமாரியில் பால் பவுடர் டப்பாக்கள் திறந்து கிடந்தன.

தம் வண்டிக்கு பலராமன் தகரத்தை நம்பவில்லை. லேத்துப் பட்டறையில் சொல்லி இரண்டு கப்புகளைப் பித்தளையில் கடைந்து வாங்கினார். அதற்குமேல், சக்கரத்தின் நடுப்பகுதியையே மூடும் பளபளக்கும் பெரிய வீல் கப்பைப் போட்டு மறைத்தார். உள்ளே பித்தளை, வெளியே வெள்ளி. கோயில் விமானத்துக்குக்கூட ஒரு கலசம்தானே.

வைகாசியில் தங்கை மகள் சுடர்விழிக்குக் கல்யாணம். மண்டபம் காலாப்பட்டில், முகூர்த்தம் ஒன்பதுக்குள். பெண்ணை அழைத்துப் போகும் பெருமை அம்பாசிடருக்கு. சீர்த்தட்டு சுமக்கும் வேலை பின்னால் வரும் பியட்டுக்கு. பின் சீட்டில் சுடர்விழியும், மடியில் ஆரத்தித் தட்டோடு பலராமன் மனைவி மணியம்மாளும்.

"அத்தை, இந்தக் குங்குமக் கிண்ணம் அழகா கீதே, எங்க வாங்குனீங்க?"

"ஒங்க மாமாதான். முப்பது வருஷத்துல அவரா வாங்கியாந்து குடுத்த ஒரே சாமான்டி இது. ஆயுத பூஜைக்கு, சொல்லாம கொள்ளாம சாமி முன்னாடி வெச்சிட்டுப் போயிட்டாரு. பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு."

பலராமனுக்கு அப்படி எதுவும் வாங்கிய நினைவில்லை. ஆனால் நல்ல பெயர் தானாக வரும்போது திருப்பி அனுப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. அடக்கமாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

பிள்ளைச்சாவடி வரும்போது வலது முன் சக்கரத்தில் 'கரக் கரக்' என்றது. பிறகு கருகல் வாடை. ஓரங்கட்டினார். பின்னால் பியட்டும் நின்றது.

குந்தி உட்கார்ந்து, வீல் கப்பை நெம்பி எடுத்தார்.

உள்ளே அச்சுமுனை அம்மணமாக நின்றது.

பலராமன் கை நெஞ்சுக்குப் போனது; இந்தமுறை நடிப்பில்லை. யாரும் பார்ப்பதற்குள் தோள் துண்டை எடுத்துச் சக்கரத்தின்மேல் போர்த்தினார். அதன் பிறகுதான் துண்டின் இடுக்கில் எட்டிப் பார்த்தார். மணல். காய்ந்த கிரீஸ். எங்கேயோ எப்போதோ ஒட்டிய ஒரு கல்யாண ஜரிகைத் துண்டு.

எட்டு மாதத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அப்படியே கண்முன் வந்தது. புளி போட்டுத் துலக்கிய கிரீஸ் கப்புகள் இரண்டும் தங்கமாய் மின்ன, ஒரு கப்பை மாட்டிவிட்டு, மற்றதைச் சற்று நேரம் சாமிக்குப் படைக்கலாமே என்று வைத்தார். அதற்குள் வாடகைக்கு ஆள் வந்தது. பூசணிக்காய் உடைந்தது. வீல் கப் மூடிக்கொண்டது.

எட்டு மாதம்! டீக்கடைச் சபதம் போன வாரம்தான்!

இளம்பரிதி வந்து நின்றார். "இன்னாண்ணே, சக்கரத்துக்குக் குளுருதா?"

"வெயில் படக் கூடாதுப்பா. நீ போய் உக்காரு."

எழுந்து கார் ஜன்னலில் தலை நீட்டினார். மணியம்மாள் மடியில் குங்குமம் நிரம்பி, எட்டு மாதமாகத் துலக்கித் துலக்கி இன்னும் மின்னிக்கொண்டு, அவருடைய கிரீஸ் கப் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் போதும். ஒரு தட்டுத் தட்டினால் பொருந்திவிடும். மானம் தப்பும்.

"மணி, அந்தக் கிண்ணம்..."

"கிண்ணத்துக்கு இன்னாங்க? பொண்ணு எறங்குனதும் இதுலேர்ந்துதான் பொட்டு வைக்கப் போறேன். நீங்க குடுத்ததாச்சே." அவள் முந்தானையால் அதன் விளிம்பைத் துடைத்தாள்.

பலராமன் நெடுநேரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. கெட்டியாப் புடிச்சிக்க. ரோடு சரியில்ல."

டிக்கியிலிருந்த கிரீஸை விரலால் அள்ளி அச்சுமுனையில் அப்பினார். வெறும் முனையின்மேல் பளபளக்கும் வீல் கப்பை மாட்டி உள்ளங்கையால் தட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மீதி மூன்று கிலோமீட்டரையும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால், பால் டப்பா மூடிகளோடு மானமாக உருண்டுவந்த பியட் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

எட்டே முக்காலுக்கு மண்டபம் வந்தது. மணியம்மாள் பெண்ணுக்குப் பொட்டு வைத்தாள். அப்படியே திரும்பி, கணவர் நெற்றியிலும் ஒன்று வைத்தாள். மண்டபத்துக்குப் பின்னால் கடல் நன்றாகத் தெரிந்தது. பலராமன் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.